குட்டித் தாவல்

ஜனவரி 6

அண்ணா,

போன் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்ட. என் குரலைக் கேட்டாலே உனக்குக் கோபம் ஏறுதாம், அண்ணி சொன்னாங்க. சரி, எழுதுறேன். எழுதினா குரல் கேக்காது, நீயும் பாதியில கட் பண்ண முடியாது. எனக்கு லாபம்தான்.

காலேஜ் பத்தி இதுல ஒரு வரி கிடையாது. மூணாவது வருஷம் பாதியில நின்னேன், நின்னது நின்னதுதான். நீ எவ்வளவு கத்தினாலும் அந்த பெஞ்சுல போய் உக்காரப் போறதில்ல.

இப்ப வேலை இருக்கு. சிரிக்காத. வீடியோ கேம் ஆடிப் பாத்து, எது நல்லா இருக்கு, எது சொதப்பல்னு எழுதுற வேலை. சின்னப் பத்திரிகை. ஒரு மாடி, மூணு மேஜை, ஒரு எடிட்டர். ஒவ்வொரு கேமுக்கும் கீழ நிறை, குறைன்னு ரெண்டு கட்டம் வரும். இது தவிர எடிட்டருக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. கேம் பழக்கமே இல்லாத ஒரு ஆளையும் ஆட விட்டு, அவங்க சொல்றதை 'புது ஆள்'னு தலைப்புப் போட்டு சேக்கணும். அம்மாகிட்ட குடுத்தேன். கண்ணாடியைத் தேடி முடிக்கிறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு. அண்ணி சார்ஜ் தீர்ற வரைக்கும் மெனுவுலயே சுத்திட்டு, நல்லா இருக்குப்பான்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. மிச்சம் நீதான்.

பார்சல்ல இருக்கிற மெஷின் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெருசு. இடது பக்கம் திசை பட்டன். வலது பக்கம் தாவுற பட்டன். வேற ஒண்ணும் இல்ல. தலையில நெருப்போட ஒரு தீக்குச்சிப் பையன் ஓடுவான். நாங்க குச்சின்னு கூப்பிடுறோம். இருட்டுக் குழாய், ஓட்டை, பள்ளம் எல்லாத்தையும் தாண்டணும். பள்ளத்துல விழுந்தா செத்தான். மேல ஈரக் கூரையில தலை முட்டினா அணைஞ்சான்.

கிரேன் மேல சும்மா காத்திருக்கிற நேரம் நெறைய உண்டுன்னு ஒரு தடவை சொன்ன. அப்ப ஆடு. நிறை ரெண்டு, குறை ரெண்டு எழுதி அனுப்பு. என்னைத் திட்டணும்னா தனித் தாள்ல திட்டு, எடிட்டர் படிச்சிடப் போறாரு.

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

பார்சல் கிடைத்தது. அம்மாவுக்கு மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கிறாயா? அதை ஒரு வரி எழுதியிருக்கலாம்.

விளையாடுவதற்குச் சம்பளம் தருகிற ஆள், ஒரு நாள் காலையில் எழுந்து நிதானமாக யோசித்தால் உன் கதி என்ன என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இருக்கட்டும். கேட்டிருக்கிறாய், ஆடிப் பார்த்தேன்.

நான் எங்கே உட்கார்ந்து ஆடுகிறேன் என்பதை முதலில் தெரிந்துகொள். என் அறை ஒரு குளியலறை அளவு. மூன்று பக்கமும் கண்ணாடி, காலடியிலும் கண்ணாடி. இடது கையில் ஒரு லீவர், அது பாரத்தைச் சுற்றித் திருப்பும். வலது கையில் ஒரு லீவர், அது தூக்கும், இறக்கும். பிடியை விட்டால் லீவர் தானாக நடுவுக்கு வந்துவிடும், பாரம் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். அதாவது கையை எடுப்பதுதான் பிரேக். கீழே நின்று எனக்குக் கைஜாடை காட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான். கல்யாணமாகி வருடம் திரும்பவில்லை, அதனால் சைட்டில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. அவன் முஷ்டியை மூடி உயர்த்தினால் நான் விட வேண்டும். மேலிருந்து எனக்கு அவன் முகம் தெரியாது. முஷ்டி மட்டும் தெரியும்.

இனி உன் விளையாட்டு.

நிறை: யாரும் பேசுவதில்லை. செத்தால் திட்டாமல் உடனே மறுபடி நிற்க வைக்கிறது. குச்சியின் தலை வெளிச்சம் படுகிற இடம் மட்டும் தெரிகிறது. விடியற்காலையில் மேலேயிருந்து எங்கள் சைட்டைப் பார்ப்பதுபோல இருக்கிறது. எனக்கு அது பிடித்தது.

குறை: தாவல் எல்லாம் ஒரே உயரம். லேசாகத் தொட்டாலும் முழுசாக எகிறுகிறான். நான்காவது கட்டத்தில், குழாய்ச் சந்தில், கூரை தாழ்வாக இருக்கிறது. அங்கே சின்னதாகத் தாவினால்தான் தலை முட்டாது. இந்த விளையாட்டில் சின்னத் தாவலே கிடையாது. செய்தவர்கள் யோசிக்கவில்லை. இன்னொன்று, மெஷின் குளிருக்கு ஆகாது. காலையில் கையில் எடுத்ததும் பட்டன் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்ச நேரம் ஆடினால் சூடேறிச் சரியாகிவிடுகிறது. இங்கே மலையில், காலையில் பல் கிடுகிடுக்கிற குளிர். இதையும் எழுது.

மெஷினை இன்னும் சில நாள் வைத்துக்கொள்கிறேன். குழாய்ச் சந்தைத் தாண்டாமல் தரப் போவதில்லை.

அண்ணன்


பிப்ரவரி 1

அண்ணா,

உன் கடுதாசியைப் படிச்சா ஆபீஸ் நோட்டீஸ் போர்டைப் படிக்கிற மாதிரியே இருக்கு. அம்மா மாத்திரை சாப்பிடுறாங்க. போதுமா?

நீ சொன்ன குறையை எடிட்டர் ஒரு எழுத்து மாத்தாம 'புது ஆள்'ல போட்டுட்டாரு. இதழ் வந்த அன்னைக்கே அந்த கேம் பண்ணவங்க போன். எங்க கேமோட உயிரே குட்டித் தாவல்தான், அதையே இல்லன்னு எழுதியிருக்கீங்களே, ஆடினீங்களா இல்ல அட்டைப் படத்தைப் பாத்து எழுதினீங்களான்னு கேட்டிருக்காங்க. எடிட்டர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "பட்டன் கோளாறா, ஆள் கோளாறா?" நான் பட்டன்னு சொல்லி வச்சிருக்கேன். உன்னைக் காப்பாத்தியிருக்கேன், நன்றி சொல்லு.

குட்டித் தாவல் இருக்கு அண்ணா. பட்டனை எவ்வளவு நேரம் புடிச்சிருக்கியோ அவ்வளவு உயரம் போவான். தொட்டு உடனே எடுத்தா குட்டித் தாவல். அழுத்துறதுல ஒண்ணும் இல்ல, எடுக்குறதுலதான் எல்லாம். நீ இஸ்திரிப் பெட்டியை வச்சு அழுத்துற மாதிரி அழுத்துவ, எனக்குத் தெரியும். சின்ன வயசுல டிவி ரிமோட்டையே அப்படித்தான் கொன்ன.

மெஷினை உடனே அனுப்பு. பட்டன் போயிருந்தா வேற வாங்கிடலாம். போகலன்னா அடுத்த இதழ்ல மன்னிப்புக் கேக்கணும்.

காலேஜ் பத்தி நீயும் எழுதல. நல்லது, இப்படியே போகட்டும்.

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

இத்துடன் மெஷினை அனுப்பியிருக்கிறேன். நீ சொன்னபடி தொட்டுத் தொட்டு எடுத்துப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி இல்லை. நான் கட்டை விரலை எடுத்துவிட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது, ஆனாலும் குச்சி மேலேதான் போகிறான். ஆகவே பட்டன்தான். யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

இங்கே எல்லாச் சாமானுக்கும் இதே கதைதான். போன வாரம் காலையில் சிமென்ட் கலவைத் தொட்டியை இறக்கும்போது அது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு சாண் கீழே போய்த்தான் நின்றது. மாப்பிள்ளை சட்டென்று விலகிக்கொண்டான். சாப்பாட்டு நேரத்தில், "என்ன அண்ணே, காலையிலேயே என்னை விதவையாக்கப் பாத்தீங்க" என்றான். விதவையாவது நீ இல்லைடா, உன் பெண்டாட்டி என்று யாரோ திருத்த, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஃபிட்டரை ஏற்றி லீவரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கிரீஸ் வைத்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று இறங்கிப் போனான். அவனுக்கு மேலே ஏறுவதே பிடிக்காது, எதையும் சரியாகப் பார்க்க மாட்டான்.

உன் பத்திரிகையில் எனக்குப் போட்ட தலைப்பு நன்றாக இருக்கிறது. இத்தனை வருடம் கழித்து நான் ஒரு இடத்தில் புது ஆள்.

மூன்றாம் வருடத்தை முடித்துவிட்டு இதைச் செய்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று மட்டும் கேட்கிறேன். பதில் வேண்டாம்.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

இதை உக்காந்து படி. மேல இருக்கும்போது படிக்காத. ரூமுக்கு வந்து படி.

பட்டன்ல கோளாறு இல்ல. நான் ஆடினேன், எடிட்டர் ஆடினாரு, எதிர் மேஜைக்காரன் ஆடினான். எல்லாருக்கும் குட்டித் தாவல் வருது. மெஷினை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சு எடுத்தும் ஆடினேன். அப்பவும் வருது.

உனக்குத் தெரியாத ஒண்ணு அந்த கேம்ல இருக்கு. ஆடினவங்க ஆட்டத்தை அது சேத்து வைக்கும். அப்புறம் போட்டுப் பாத்தா புகையால செஞ்ச மாதிரி ஒரு குச்சி ஓடுவான். நீ எப்படி ஆடினியோ அப்படியே. அவன் காலடியில ஒரு வெள்ளைப் புள்ளி. நீ பட்டனை அழுத்தியிருக்கிற வரைக்கும் புள்ளி எரியும், விட்டா அணையும். உன் ஆட்டம் எல்லாத்தையும் பாத்துட்டேன். குழாய்ச் சந்துல அத்தனை தடவை செத்திருக்க, ஒரு தடவைகூட நிறுத்தல. உன் பிடிவாதம் உலகத்துக்கே தெரியும்.

நீ தாமதமா அழுத்தல. சரியான நேரத்துலதான் அழுத்துற, சில இடத்துல என்னைவிட சுத்தமா. ஆனா புள்ளி அணையவே மாட்டேங்குது. குச்சி மேல போய், தலை முட்டி, அணைஞ்சு, கீழ விழுறான். அப்பவும் புள்ளி எரியுது. ஒவ்வொரு நாளும் ஆரம்பத்துல அப்படி. ஒரு இருபது முப்பது தாவலுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இளகி, ஆள் மாறின மாதிரி நல்லா ஆடுற. மறுநாள் திரும்பவும் பழைய கதை. சூடேறுறது மெஷின் இல்ல அண்ணா. உன் கை.

அப்பாவை நெனச்சுப் பாரு. அவர் யார் கையைப் புடிச்சாலும் விட மாட்டாரு. பாசக்கார மனுஷன்னு ஊரே சொல்லும். 'பிசின்'னு பேரே வச்சாங்க. குளிர்காலத்துல பக்கெட்டைக் கீழ வச்சிட்டு அதோட கைப்பிடியிலேர்ந்து விரலை ஒவ்வொண்ணாப் பிரிப்பாரு, நாம ரெண்டு பேரும் சிரிப்போம். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் நாற்காலியில தூங்கினவர் எழுந்திருக்கல. இதயம்னு சொன்னாங்க, நாமளும் சரின்னு விட்டுட்டோம்.

அம்மாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனப்ப டாக்டர்கிட்ட கேட்டேன். உன் பேரைச் சொல்லல. பிடிச்சா உடனே விட முடியாத ஒரு தசை நோய் இருக்குதாம். குளிர்ல ஜாஸ்தியாகும், திரும்பத் திரும்ப செஞ்சா கொஞ்ச நேரத்துக்கு இளகும், சும்மா இருந்தா மறுபடி புடிச்சுக்கும். பரம்பரையா வருமாம். இதயத்தையும் தொடுமாம். நேர்ல பாக்காம எதுவும் சொல்ல முடியாது, அவரைக் கூட்டிட்டு வாங்கன்னாரு.

அன்னைக்கு அந்தத் தொட்டி ஒரு சாண் கீழ போனது கிரீஸால இல்ல. உன் வலது கையில தொங்குறது தீக்குச்சி இல்ல அண்ணா, அதுக்குக் கீழ ஒரு ஆள் நிக்கிறான். இறங்கிடு. டாக்டர் பாக்குற வரைக்கும் லீவு போடு. கீழ வேற வேலை கேளு. கால்ல விழுறேன்னு வச்சுக்கோ.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

ரூமுக்கு வந்து, உட்கார்ந்துதான் படித்தேன். பாதியில் எழுந்துவிட்டேன்.

செத்துப்போனவரை எதற்கு இழுக்கிறாய்? அவர் பாசத்தால் கையைப் பிடித்தார். அதற்கும் ஒரு வியாதிப் பெயர் கண்டுபிடித்துவிட்டாய். படிப்பை முடிக்காதவன் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு எனக்கு வைத்தியம் பார்க்கிறான். லீவு போடு, இறங்கு என்று எழுதுவது சுலபம். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். கீழே வந்தால் நான் மண்வெட்டி பிடிக்கிற கூட்டத்தில் ஒருவன். அம்மாவையும் உன் அண்ணியையும் எதை வைத்துக் காப்பாற்றுவது? உன் நிறை குறைக் கட்டங்களை வைத்தா?

பரம்பரை என்கிறாய். அப்படியானால் உனக்கும் அவர்தானே அப்பா. நீ உன் கையைக் காட்டினாயா? எனக்காக டாக்டரிடம் அத்தனை கேட்டவன், உனக்காக ஒரு வார்த்தை கேட்டதாக உன் கடிதத்தில் இல்லையே. முதலில் நீ போய் வா.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ எழுதியதில் உபயோகமான விஷயம் இருந்தது. இருபது முப்பது தாவலுக்கு அப்புறம் இளகிவிடுகிறது என்றாயே, அது உண்மை. எனக்கு இது தெரியாமல் இல்லை, இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. போன வாரம் எங்கள் வருடாந்திர உடல் பரிசோதனை. வரிசையில் நிற்கும்போதே சட்டைப் பைக்குள் ஒரு ரப்பர் பந்தை வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தேன். கண், காது, ரத்த அழுத்தம், பிடி, எல்லாம் பார்த்தார்கள். டாக்டர் பிடி என்றார், பிடித்தேன். விடு என்றார், விட்டேன். தகுதி என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே பிரச்சினை தீர்ந்தது. காலையில் வேலை தொடங்கும் முன் கையை இளக்கிக்கொண்டால் போதும். பந்தைவிட உன் விளையாட்டு நல்லது, கட்டை விரலுக்கு வேலை தருகிறது. குட்டித் தாவல் சரியாக வந்தால் கை தயார் என்று தெரிந்துகொள்வேன். மெஷினைத் திருப்பி அனுப்பு. குறை சொன்ன விளையாட்டே மருந்தாகிவிட்டது, இதை வேண்டுமானால் நிறையில் எழுதிக்கொள்.

அண்ணியிடம் மூச்சு விடாதே.

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

மெஷினை அனுப்பியிருக்கேன். அனுப்பக் கூடாதுன்னு தெரியும். ரெண்டு தடவை போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்தேன். கை இளகாமயே நீ ஏறுறதைவிட இளக்கிட்டு ஏறுறது மேல்னு கணக்குப் போட்டேன். கணக்கு சரியான்னு தெரியல. கணக்குல நான் எப்பவும் வீக்னு நீயே சொல்லுவ.

நான் எழுதினதை வச்சே நீ டாக்டரை ஏமாத்துவன்னு எனக்குத் தோணவே இல்ல. வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

நீ கேட்டது சரிதான். நான் கையைக் காட்டல. எனக்கு குட்டித் தாவல் நல்லா வருது, ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிறேன். ஆனா காலையில எழுந்ததும் முஷ்டியை மூடித் தொறந்து பாக்குறேன், ஒவ்வொரு நாளும். தொறக்கும். அப்பவும் பயமா இருக்கு. டாக்டர் ரூம் வாசல்ல உக்காந்துட்டு என் பேரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே எழுந்து வந்துட்டேன்.

ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். ஏப்ரல் கடைசிக்குள்ள நீ ஊருக்கு வா. ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். அதுவரைக்கும் நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். காத்திருக்கிற நேரத்துலயும் ஆடிக்கிட்டே இரு, கையை சும்மா வைக்காத. சும்மா இருந்தா மறுபடி புடிச்சுக்கும்னு டாக்டர் சொன்னாரு, அதை மறந்துடாத.

உடனே பதில் போடு.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதும்படியாக ஒன்று நடந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை மூடுபனி. வழக்கம்போல ஏறியதும் ஆடினேன். குழாய்ச் சந்தை ஒரே மூச்சில் தாண்டினேன், தலை முட்டவில்லை. கை தயார் என்று மெஷினைப் பையில் வைத்துவிட்டேன். பனியில் கீழே எதுவும் தெரியாததால் வேலையை நிறுத்திவைத்தார்கள். காத்திருந்தேன். மறுபடி எடுத்தபோது சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. பந்தை ரூமிலேயே விட்டிருந்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடைசிக் கடிதத்தில் இருந்த அந்த வரி நினைவுக்கு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பனி விலகியதும் கம்பிக் கட்டு ஒன்றைச் சுவரோரம் இறக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை சுவருக்கும் கட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டி இறக்கினான். பிறகு முஷ்டியை உயர்த்தினான். நான் பார்த்தேன், தம்பி. நன்றாகப் பார்த்தேன். விடு என்று என் கைக்குச் சொன்னேன். விரல்கள் மூடியது மூடியபடியே இருந்தன. அவன் ஓடியிருக்கலாம், ஓட இடம் இருந்தது. நான் நிறுத்திவிடுவேன் என்று முஷ்டியை உயர்த்தியபடியே நின்றான். எல்லாவற்றையும் அவசரமாக நிறுத்துகிற சிவப்பு பட்டனை இடது கையால் தேடி அடித்தேன். கட்டு அவன் வலது பாதத்தின் மேல் உட்கார்ந்த பிறகுதான் நின்றது.

ஆஸ்பத்திரியில் பாதத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் லீவர் சிக்கியதா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். முன்பே ஒரு தடவை ஃபிட்டரை ஏற்றிக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, அது எனக்குச் சாதகமாகிவிட்டது. ஃபிட்டருக்கு மெமோ கொடுத்தார்கள். மாப்பிள்ளையிடம் ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டிருக்கிறார்கள். அவன் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "அண்ணன் கையை எடுத்திருப்பாரு சார். அவர் எப்பவும் கரெக்டா விட்டுடுவாரு. லீவர்தான் விட்டிருக்காது."

புது லீவர் மாட்டிவிட்டார்கள். இருபதாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து மறுபடி மேலே போகிறேன். இனி பந்து ஒன்று சட்டைப் பையில், ஒன்று மேலே அறையில். சார்ஜரும் மேலே வைத்துக்கொள்வேன். இனி இப்படி நடக்காது.

நீ வாயைத் திறக்காதே. உன்னிடம் நான் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை. காலேஜ் விஷயத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன். ஏப்ரல் கடைசியில் வர முடியாது.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணா,

இது உன் கைக்கு வர்றதுக்குள்ள உனக்கே தெரிஞ்சிருக்கும். ஆனாலும் நான்தான் செஞ்சேன்னு நானே எழுதணும்.

உங்க சைட் பாதுகாப்பு அதிகாரிக்கு இன்னைக்குக் காலையில போன் பண்ணினேன். நம்பரை அண்ணிகிட்ட வாங்கினேன். அதுக்காக அண்ணிகிட்ட எல்லாத்தையும் சொல்ல வேண்டி வந்துச்சு. அழல. சுவிட்சை அணைச்ச மாதிரி உக்காந்துட்டாங்க. அப்புறம் நம்பரை அவங்களே டயல் பண்ணி என் கையில குடுத்தாங்க.

அதிகாரி மொதல்ல சிரிச்சாரு. வீடியோ கேமைப் பாத்து ஆளை இறக்கச் சொல்றியா, நீ என்ன படிச்சிருக்கன்னாரு. ஒண்ணும் படிக்கல சார், பாதியில நின்னவன்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதான், ஒரு ஆள் பட்டனை எப்ப அழுத்துறான், எப்ப விடுறான்னு பாத்து சொல்றது. அப்பா கதையை சொன்னேன். டாக்டர் சொன்னதை சொன்னேன். அந்தாளு சிரிப்பை நிறுத்திட்டாரு. பரிசோதனையில தேறியிருக்காரே தம்பின்னாரு. பையில பந்து வச்சு இளக்கிட்டுப் போனான் சார், சும்மா உக்கார வச்சு, கை குளிர்ந்ததுக்கு அப்புறம் பாருங்கன்னேன். லீவர்ல கோளாறு இல்ல, ஃபிட்டர் மேல தப்பு இல்லன்னும் சொல்லிட்டேன்.

பந்து விஷயத்தை சொல்லும்போது எனக்கு என் மேலயே வெறுப்பா இருந்துச்சு. நீ என்கிட்ட மட்டும் சொன்னது அது.

அண்ணா, நான் பிப்ரவரியிலயே இந்த போனைப் பண்ணியிருந்தா அந்த ஆளுக்குப் பாதம் இருந்திருக்கும். ஒப்பந்தம் பேசிட்டு இருந்தேன். நீ கடுதாசியிலயாவது மறுபடி என்கூட பேச ஆரம்பிச்சிருந்த, அதை இழக்க எனக்கு மனசு வரல. அவ்வளவுதான் உண்மை.

ஊருக்கு வா. என்னை அடிக்கணும்னா வந்து அடி.

தம்பி


மே 2

தம்பிக்கு,

மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பிறகு உன்னிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்காது.

திங்கட்கிழமை நான் ஏறி, கையை இளக்கி, தயாராகத்தான் இருந்தேன். எந்த வேலையும் தரவில்லை. ரேடியோவில் யாரும் பேசவில்லை. பந்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பத்து மணிக்கு அதிகாரியின் குரல் வந்தது. எதையும் தொடாமல் இறங்கி வாருங்கள் என்றார். அந்த மரியாதையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஏணியில் நான் எப்போதும் கம்பியை இறுக்கிப் பிடிக்க மாட்டேன். உள்ளங்கையை மேலே வைத்து வழுக்கிக்கொண்டே இறங்குவேன், அது பழக்கம். அன்றைக்குக் குளிர்காற்று பலமாக இருந்தது, இரும்புக் கம்பி சில்லிட்டு, கையை இளக்கி வைத்ததெல்லாம் போய்விட்டது. என்னை அறியாமல் முதல் கம்பியை இறுகப் பிடித்துவிட்டேன். பிடித்தது பிடித்ததுதான். இடது முழங்கையை ஏணியில் மாட்டிக்கொண்டு, இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அடுத்த கம்பி. மறுபடி பிடித்துக்கொண்டது. மறுபடி பிரித்தேன். பயத்தில் பிடிக்காமல் இருக்கவும் முடியவில்லை. பிடித்தால் விடவும் முடியவில்லை. கீழே வேலையெல்லாம் நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு அத்தனை பேரும் நின்றார்கள். ஃபிட்டரும் நின்றான். அதிகாரிக்கு எந்தப் பரிசோதனையும் செய்யத் தேவை இருக்கவில்லை.

தரைக்கு வந்ததும் ஃபிட்டர்தான் தண்ணீர் கொண்டு வந்தான். கடைசிக் கம்பியில் இருந்த என் கையைப் பார்த்தான். குவளையை என்னிடம் நீட்டாமல் அவனே என் வாயருகில் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மாப்பிள்ளையிடம் நானே சொன்னேன். அவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப லீவர் இல்லையா அண்ணே?" என்றான். இல்லை என்றேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் எழுந்து வந்து நான் வெளியே போகும்படி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

இங்கே பெரிய டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டார். நீ சொன்னதுதான். இதயத்திலும் கொஞ்சம் இருக்கிறதாம், அப்பாவுக்கு இருந்ததுபோல. அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். நான் வரும்போது நீ வீட்டில் இருக்க வேண்டாம். நீ செய்தது சரி. எனக்கு அது நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் உன் முகத்தைப் பார்த்தால் அந்தப் பந்தும், நான் அதை உன்னிடம் எழுதியதும்தான் நினைவுக்கு வரும். சரியானதைச் செய்த ஒருவனை மன்னிக்க எனக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்லத் தெரியவில்லை.

இனி எனக்கு எழுதாதே. நாளைக் காலையில் போய் உன் கையையும் நெஞ்சையும் காட்டு. பெயரைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திரு, எழுந்து ஓடாதே. முடிவை உன் அண்ணியிடம் சொல். அவள் என்னிடம் சொல்வாள்.

அண்ணன்